மதகுப் பூட்டை உடைத்தது யார்

கங்கைக் கரையிலிருந்து சணல் மில் வரைக்கும் ஒரு மைல் நீளத்துக்குச் செங்கல் சாக்கடை கட்டினேன். பதினோரு சிறு பாலங்கள் கட்டினேன். மாடு இறங்கினால் வயிறு வரை புதைகிற சேற்றில் இரண்டு ரோடுகள் போட்டேன். ஒரு மதகு, ஒரு பஜார், சுடுகாட்டுக்கு ஒரு படித்துறை. எல்லாம் கல்கத்தாவுக்குத் தெற்கே, கார்டன் ரீச்சைத் தாண்டி, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சின்ன முனிசிபாலிட்டியில். குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு இங்கிலீஷ் ஓரெழுத்து தெரியாது. இன்றைக்கும் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் தெரியும். வாலாஜாப்பேட்டையில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ரயில் பாதை போடுகிற கண்டிராக்டரோடு மண் சுமக்க வந்தேன். கூடையை இறக்கிவிட்டு அளவுக் கயிற்றைப் பிடித்தேன், மேஸ்திரி ஆனேன், பிறகு சப் ஓவர்சியர் ஆனேன். எவனும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை.

நீங்கள் பரீட்சை தேறி, நான் பார்த்த வேலைக்கே நம் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள். சுண்ணாம்பு எவ்வளவு, சுர்க்கி என்கிற செங்கல் தூள் எவ்வளவு என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பரீட்சையில் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் திருந்துவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில், நான் எப்படி மேலே வந்தேன் என்பது. மூன்றாவது பாலத்துக்கு அஸ்திவாரம் போட்ட இடத்தில் மண் நிற்கவே இல்லை. இரண்டு தடவை செங்கல்லோடு உள்ளே போயிற்று. இஞ்சினீர் துரை வந்து பார்த்து, முடியாது, பாலத்தை வேறு இடத்துக்கு மாற்று என்று சொல்லிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார். நான் கரையில் கிடந்த ஒரு பழைய சரக்குப் படகை இழுத்து வந்து கவிழ்த்துப் புதைத்தேன். அதன் வயிற்றில் செங்கல் ஜல்லியை நிரப்பி, அதன்மேல் பாலத்தை எழுப்பினேன். இன்றும் நிற்கிறது. போய்ப் பாருங்கள், ஒரு விரிசல் இருக்காது.

அந்த நாளில் என்னை வேலைக்கு வைத்திருந்த கண்டிராக்டர் நம் பக்கத்து ஆள்தான். பெயர் வேண்டாம். அவர் என்னிடம் சொன்னார்: "ஏகாம்பரம், முடியாதுன்னு சொல்றவன் ஏன் முடியாதுன்னு இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லணும். உன்னால ஆவுமா அது? ஆவாது. அதனால யாரு கேட்டாலும் நீ ஆவும்னு மட்டும் சொல்லு. சொல்லிட்டு வந்து வழியப் பாரு."

முப்பது வருஷம் அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் கட்டியதெல்லாம் அதனால் எழுந்தது. நான் கெடுத்ததும் அதனால்தான்.

இனி மதகு. கங்கையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் தண்ணீர் ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஏறும்போது மதகை மூடாவிட்டால் சாக்கடை வழியாகக் கங்கை ஊருக்குள் வந்துவிடும். இறங்கும்போது திறக்காவிட்டால் ஊர்த் தண்ணீர் வெளியே போகாது. அந்த ஏற்றம் தினம் ஒரே நேரத்துக்கு வராது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்றம். மழைக்கால அமாவாசையில் சில சமயம் தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து இரைச்சலோடு வரும். அதை இங்கே 'பான்' என்கிறார்கள். மதகு மூடியிருக்கும் நேரத்தில் சாக்கடைத் தண்ணீர் தங்குவதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய குளம் இருந்தது. மதகும் குளமும் சேர்ந்தால்தான் ஊர் தப்பும்.

மதகைத் திறந்து மூடக் கரீம் என்று ஒரு படகுக்காரன் இருந்தான். என் வயதுதான். கடிகாரம் கிடையாது. திதியைப் பார்ப்பான், தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பான், போய்ச் சங்கிலியைச் சுற்றுவான். மதகு மேடையிலேயே சமையல், அங்கேயே தூக்கம். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

ஒரு நாள் பகல் இரண்டு மணிக்குச் சேர்மன் பாபு மதகைப் பார்வையிட வந்தார். வக்கீல் அவர், நல்ல மனிதர், சுத்தத்தில் அக்கறை உள்ளவர். கரீம் பலகைமேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சோற்றுப் பானை காலடியில். நான்தான் காலைத் தட்டி எழுப்பினேன்.

"டியூட்டி நேரத்தில் தூக்கமா?" என்றார் சேர்மன்.

"கதவு மூடியிருக்கு பாபு. சாயங்காலம் தண்ணி இறங்கினாத்தான் வேலை."

"உன் டியூட்டி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?"

கரீம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தான். "அத கங்கைகிட்டதான் கேக்கணும். அவ ஆபீசுக்கு வர்றதில்லையே பாபு."

கூட வந்த பியூன்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் கெடுத்தது. தூங்கியதைச் சேர்மன் மன்னித்திருப்பார்.

அடுத்த மாதம் கமிஷனர்கள் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. கமிஷனர்கள் என்றால் நம் ஊரில் கவுன்சிலர்கள் என்கிறோமே, அவர்கள்தான். ஒன்று, மதகுக்கென்று தனி ஆள் வேண்டாம். தெரு விளக்கு ஏற்றுகிறவன் காலை ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வந்து மதகைத் திறக்கட்டும், மாலை ஆறு மணிக்கு மூடிவிட்டு விளக்கேற்றப் போகட்டும். கண்டவன் கை வைக்காதபடி சங்கிலிக்குப் பூட்டுப் போட வேண்டும். இரண்டு, குளம் நாறுகிறது, கொசு உற்பத்தி, ஊரெல்லாம் காய்ச்சல். அதைத் தூர்த்து அந்த இடத்தில் பஜார் கட்ட வேண்டும்.

அதுவரை கூட்டம் நடக்கும்போது நான் வராந்தாவில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். கேட்டால் உள்ளே போய் நின்று பதில் சொல்லிவிட்டு வருவேன். அன்றைக்குச் சேர்மன் உள்ளே கூப்பிட்டு, ஒரு நாற்காலியைக் காட்டினார். "பைட்டியே, ஏகாம்பர் பாபு" என்றார். பாபு என்று என்னை அந்த அறையில் அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. உட்கார்ந்தேன். பிரம்பு பின்னிய நாற்காலி, கை வைத்தது. எதிரே மில் மானேஜர் துரை. அவரும் கமிஷனர்.

"மதகைக் கட்டியவர் நீங்கள். நேரப்படி திறந்து மூடினால் வேலை நடக்குமா?" என்று இந்துஸ்தானியில் கேட்டார் சேர்மன்.

மில் மானேஜர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்கினார்: "அவருடைய மில்லில் நாலாயிரம் பேர் சங்கு ஊதினால் வருகிறார்கள், சங்கு ஊதினால் போகிறார்கள். ஒரு கதவு நேரத்துக்குப் படியாதா என்கிறார்." எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குத் தெரியும். நீங்கள் இதை நன்றாக மனதில் வாங்குங்கள். தெரியாமல் செய்த பிழை இல்லை இது. ஆறு மணிக்குத் திறந்தால் அமாவாசை அன்று நடுப்பகலில் திறந்த மதகுக்குள் கங்கை நேராக வரும் என்பது எனக்குத் தெரியும். குளம் இருந்தாலாவது சமாளிக்கலாம், குளமும் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே முடியாது என்றால், நாளைக்கு மறுபடி முக்காலிதான் என்று தோன்றிற்று.

"ஆகும், ஹுசூர்" என்றேன்.

குமாஸ்தாவின் பேனா ஓடிற்று. இரண்டு தீர்மானமும் நிறைவேறின.

கரீமிடம் நானே போய்ச் சொன்னேன். "நாலு மாசம் பொறு. மழைக்கு முன்னாடி நான் பேசி உன்னை மறுபடி கொண்டாந்துடறேன்."

அவன் பானையையும் பாயையும் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "மேஸ்திரி பாபு, கூட்டத்துல நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? அவங்க முடிவு பண்ணிட்டாங்க" என்றேன். அவன் தன் சிறு படகில் அக்கரைக்கு ஆள் ஏற்றப் போய்விட்டான்.

குளத்தை ஒரே கோடையில் தூர்த்தேன். மில் கொதிகலன் சாம்பல், உடைந்த செங்கல், கங்கை வண்டல் என்று வண்டி வண்டியாய்க் கொட்டினேன். இரண்டு வருஷ வேலை என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சேர்மன் நேரில் வந்து என் தோளைத் தட்டினார். அந்தக் கோடையிலேயே பௌர்ணமி நாட்களில் பஸ்தியின், அதாவது மில் கூலிகளின் குடிசைப் பகுதியின், வாசல்களில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. பெண்கள் வந்து முறையிட்டார்கள். வாசலில் ஒரு வரிசை செங்கல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, செங்கல்லும் கொடுத்தேன். சேர்மனிடம் போகவில்லை. பஜாருக்கு மேற்கூரை போட்டுக்கொண்டிருந்தோம். திறப்பு விழாவுக்குப் பெரிய துரை வருவதாக இருந்தது. விழா முடியட்டும், பிறகு பேசலாம் என்று வைத்திருந்தேன்.

ஆவணி அமாவாசை. இரண்டு நாளாக மழை விடவில்லை. பகல் பதினோரு மணி இருக்கும், பஜாருக்குள் கல் பதித்துக்கொண்டிருந்தோம். கரீம் நனைந்த லுங்கியோடு ஓடி வந்தான்.

"சாவி எங்க பாபு?"

"விளக்குக்காரன்கிட்ட."

"வீட்டுல இல்ல. கித்திர்ப்பூர் போயிட்டானாம். மதகு திறந்தே கிடக்கு. பான் வருது பாபு, அரை மணி கூட இல்ல."

ஆட்களைப் பார்த்தேன். கையில் கிடைத்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவனோடு ஓடினேன். மதகு மேடையில் சங்கிலியைச் சுற்றிப் பெரிய இரும்புப் பூட்டு. முனிசிபாலிட்டி முத்திரை போட்டது.

"உடை" என்று கடப்பாரையை நீட்டினேன்.

கரீம் வாங்கவில்லை. "நீங்க உடைங்க பாபு. சர்க்கார் பூட்டு. என்னை வேலைய விட்டு எடுத்தவங்க. நான் தொட்டா வேற பேச்சு ஆயிடும்."

அவன் சொன்னது சரி. அந்த இடத்தில் எனக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. அதற்குள் என் மனது எங்கெங்கே போய் வந்தது என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. விழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. கமிஷனர்கள் போடச் சொன்ன பூட்டு. அதைச் சப் ஓவர்சியர் உடைத்தான் என்றால், ஆகும் என்று சொன்னவனே ஆகாது என்று காட்டிவிட்டான் என்று அர்த்தம்.

"நான் சொல்றேன், உடை. நான் இருக்கேன் உனக்கு. ஜனங்கள வெளிய கொண்டாரணும், நான் பஸ்திக்குப் போறேன்" என்று கடப்பாரையை அவன் கையில் திணித்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓங்கினான்.

பஸ்திக்குள் நான் செய்தது பொய் இல்லை. ஒன்பது பேரைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்குக் கொண்டுவந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பஜார் வேலையிலிருந்து உதவிக்கு ஓடிவந்த வாலிபர்கள் ஆளுக்கு நாலு பேரைத் தூக்கியதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். இரைச்சல் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். பூட்டு உடைந்து, கரீம் சங்கிலியைச் சுற்றிக் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தான். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பாதி இறங்கிய கதவின்மேல் மொத்த கங்கையும் மோதிற்று. நான் போட்ட சால் மரச் சட்டம் ஒரு பக்கம் பிளந்து கதவு கோணிக்கொண்டு நின்றது. அரை மணி நேரத்தில் பஸ்தியில் இடுப்பளவு தண்ணீர்.

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ராம்சரண் என்று ஒரு மில் ஆள், மெஷினில் கால் நசுங்கிப் படுத்த படுக்கையாக இருந்தான். பெண்சாதி மில்லில். அவன் குடிசை கடைசி வரிசையில். அவன் நினைவு வந்து நான் பத்தாவதாக அங்கே போனபோது கட்டில் மிதந்துகொண்டிருந்தது. அவன் கட்டிலில் இல்லை.

மூன்று கமிஷனர்கள் விசாரித்தார்கள். விசாரணைக்கு முதல் நாள் வைஸ் சேர்மன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொன்னார்: "ஏகாம்பர் பாபு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கதை சொல்ல வேண்டாம்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. மிரட்டவில்லை. அப்படி மிரட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

"பூட்டை உடைத்தது யார்?"

"கரீம்."

"கடப்பாரை யார் கையில் இருந்தது?"

"கரீம் கையில்."

"நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"போகலாம்."

அவ்வளவுதான். அறிக்கையை இங்கிலீஷில் எழுதி, வங்காளியில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட படகுக்காரன் வஞ்சம் தீர்க்க வந்து, பூட்டை உடைத்து, மதகைக் கெடுத்துவிட்டான் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. நான் போடத் தெரிந்துகொண்ட ஒரே இங்கிலீஷ்.

கரீம் விசாரணையில், மேஸ்திரி பாபுதான் கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறான். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கேஸ் கோர்ட்டுக்குப் போய், அவனுக்கு ஆறு மாதம் ஜெயில்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் சம்சாரம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னீங்க அங்க?"

"கேட்டதுக்கு பதில் சொன்னேன்."

"கடப்பாரைய நான்தான் குடுத்தேன்னு சொன்னீங்களா?"

"அத அவங்க கேக்கல."

"கேக்கலன்னா? வாய் இல்ல உங்களுக்கு? ஊரெல்லாம் அத கட்டினேன் இத கட்டினேன்னு கேக்காமயே சொல்லிக்கினு திரியறீங்களே." ரசத்தை ஊற்றாமல் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விழா நடந்தது. என்னை ஓவர்சியர் ஆக்கினார்கள். மரக் கதவை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போடச் சொன்னார்கள், போட்டேன். அடுத்த வருஷமே தீர்மானம் போட்டு, மதகுக்கு மறுபடி தனி ஆட்கள் வைத்தார்கள். ஒருவர் இல்லை, மூன்று பேர். துறைமுகத்திலிருந்து ஏற்ற இறக்க அட்டவணை வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். கரீம் ஏழு வருஷம் தலையில் வைத்திருந்தது அந்தக் காகிதத்தில் இருந்தது. ஜெயிலுக்குப் போனவனை வேலையில் எடுக்கக் கூடாது என்று விதி, அதனால் அவனை எடுக்க முடியவில்லை. இதில் யாரைக் குறை சொல்வீர்கள்? ஒவ்வொரு தீர்மானத்தையும் தனியே எடுத்துப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கும்.

ஜெயிலிலிருந்து வந்தபின் கரீமைப் படித்துறையில் ஒரு தடவை பார்த்தேன். படகை விற்றுவிட்டான், தெற்கே சுந்தரவனம் பக்கம் மைத்துனன் வீட்டுக்குப் போகக் காத்திருந்தான். என்ன சொல்வது என்று தெரியாமல், உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"நீங்க பொய் சொல்லல பாபு" என்றான். "ஜெயில்ல ராவும் பகலும் யோசிச்சுப் பார்த்தேன். ஒரு பொய் கூட இல்ல. கடப்பாரை என் கையிலதான் இருந்துச்சு."

கேலியாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை. படகு வந்தது, ஏறிப் போய்விட்டான். பிறகு ஒரு செய்தியும் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம், இனி பறித்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில், கரீம்மேல் குற்றம் இல்லை, உடைக்கச் சொன்னது நான்தான் என்று ஒரு மனு எழுத வைத்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். புது செக்ரட்டரி இளவயது, மரியாதைக்காரர். எழுந்து நின்று வரவேற்றார். மனுவைப் படித்தார்.

"இந்தக் கரீம் உயிரோடு இருக்கிறாரா?"

"தெரியாது."

"அவர் சொந்தக்காரர்கள் யாராவது கேட்டார்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் இது யாருக்காக?" என்றார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மனுவைக் கோப்பில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிமாரே, இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்காதீர்கள். தைரியமாக முடியாது என்று சொல்லுங்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம். எழுதினால் என்ன? உங்களையும் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், காரணம் சொல்லவும் தெரியும். அதனால் என்னைவிட நன்றாக ஆகும் என்று சொல்வீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன கூட்டத்தில் வடக்குக் கால்வாயை மூடி ரோடு போடத் தீர்மானம் ஆனதாமே. உங்களில் ஒருவர் அந்த அறையில் இருந்தீர்களாமே.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, எனக்கு உபசாரம் நடத்தப்போவதாகச் சொல்லி, அன்று வாசிக்கிற வாழ்த்துப் பத்திரத்தைப் படித்துக் காட்டினீர்கள். சாக்கடை, பாலம், பஜார் எல்லாம் இருந்தது. வெள்ளத்தில் ஒன்பது பேரைக் காப்பாற்றினேன் என்று இருந்தது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அதில் ஒன்றையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அத்தனையும் என் கை செய்தது.

ஆனால் என் வேலையைக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள். குளம் தூர்ந்ததற்கும் மதகு உடைந்ததற்கும் ராம்சரண் செத்ததற்கும் என் பங்கு எனக்கு வர வேண்டும். அதை இத்தனை வருஷமாக இன்னொருவன் பெயரில் வைத்திருக்கிறார்கள். பத்திரத்தில் ஒன்பது பேர் என்ற வரிக்குக் கீழே இதைச் சேருங்கள். சேர்க்க உங்களுக்குத் தைரியம் இல்லையென்றால் உபசாரமே வேண்டாம், மாலைக்குச் சொன்ன பூக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கமிஷனர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, இங்கிலீஷிலும் வங்காளியிலும் நிறுத்திப் படிக்க வேண்டும்:

'மதகு நேரப்படி நடக்கும் என்று கூட்டத்தில் சொன்னவர், பூட்டை உடைக்க உத்தரவு கொடுத்தவர், கடப்பாரையைக் கொடுத்தவர், விசாரணையில் அதைச் சொல்லாதவர், வாலாஜாப்பேட்டை அண்ணாமலை குமாரர் ஏகாம்பரம், சப் ஓவர்சியர்.'